உறக்காயியின் எண்ணெய்க் குப்பி

மருதாசலம் என்று ஓர் ஊர் இருந்தது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஊராகத் தெரியாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் நாற்பத்தோரு வயசு மனுஷனாகத்தான் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அது ஊர். தெருக்கள் உண்டு, வீடுகள் உண்டு, ஓயாத வேலை உண்டு, வேலைக்குத் தகுந்த வம்பும் உண்டு.

மருதாசலம் இட்லி தின்றாலும் சரி, பரோட்டா தின்றாலும் சரி, அது சர்க்கரையாகி அந்த ஊரின் ரத்தத் தெருக்களில் வந்து இறங்கும். இறங்கின சர்க்கரையை வீட்டுக்கு வீடு சேர்ப்பிக்கிற வேலை சாவிக்காரருடையது. டாக்டர்கள் அவரை இன்சுலின் என்பார்கள். ஊருக்குள் அந்தப் பேர் யார் வாயிலும் நுழையாது, சாவிக்காரர் என்றால்தான் தெரியும்.

அந்த ஊர்க் கதவுகளுக்கு ஒரு வழக்கம். வாசலில் சர்க்கரை குவிந்து கிடந்தாலும் தாமாகத் திறக்கமாட்டா. சாவிக்காரர் வந்து ஒரு தட்டுத் தட்டி, சாவியைத் திருப்ப வேண்டும். ஒரே தட்டுத்தான். இரண்டாவது தட்டு அவர் தட்டினதாகச் சரித்திரமே இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, வேலை தெரிந்த ஆளுக்கு அதுகூட இல்லாமலா!

ஒரே ஒரு பயம் மட்டும் அவருக்கு உண்டு. மருதாசலத்தின் அப்பா என்று முன்னால் ஒரு ஊர் இருந்தது. அந்த ஊர்ச் சாவிக்காரர் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோய், கடைசியில் ஊசி வழியாக வெளியூர்ச் சாவிக்காரர்களை இறக்கினார்கள். அதற்குள் சர்க்கரை தெருவிலேயே கிடந்து, அந்த அப்பாவுக்கு இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது. அந்த நிலைமை தன் ஊருக்கு வந்துவிடக் கூடாது என்று சாவிக்காரர் தினமும் நினைத்துக்கொள்வார்.

ஊரில் இன்னும் நாலு பேரைச் சொல்ல வேண்டும். வயிற்று வாசலில் பசியாண்டி. நேரத்துக்கு மணியடித்து, மேல்மாடியில் இருக்கும் மூளையிடம் சோறு கேட்கிறவன். இடுப்பைச் சுற்றி இருக்கும் கொழுப்புக் களஞ்சியத்தில் போதும்பொண்ணு. வீட்டில் நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பேரில்லை அது. களஞ்சியத்தில் இருப்பைப் பார்த்து மேல்மாடிக்கு எட்டும்படி “போதும்!” என்று கூவுவதால் வந்த பேர். அப்புறம் தமுக்கடிக்கும் அவசரமுத்து. விடியற்காலையில் தமுக்கடித்து ஊரை எழுப்புவது அவன் வேலை. ஏதாவது ஆபத்து என்றால் ஈரலில் இருக்கும் கிடங்கைத் திறந்து தெருவில் சர்க்கரையை வாரி இறைப்பதும் அவன்தான். கால் ஓடித் தப்பிக்கத் தெம்பு வேண்டுமே, அதற்காக.

நாலாவது ஆள் உறக்காயி. தினமும் ராத்திரி பத்து மணிக்குக் கையில் ஒரு குப்பியோடு வருவாள், காலையில் போய்விடுவாள். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அவள் வந்ததும் ஊரே கண்ணை மூடிவிடும். எழுந்து பார்த்தால் அவள் இருக்கமாட்டாள். ஒரு நாளில் எட்டு மணி நேரம் வந்து, ஒரு வேலையும் செய்யாமல், மற்றவர்களையும் செய்யவிடாமல் பண்ணிவிட்டுப் போகிறவள் என்றுதான் ஊரில் அவளுக்குப் பேர்.

இப்படி இருக்கையில் மருதாசலம் புதுசாக ஒரு போன் வாங்கினான். மேல்மாடியிலிருந்து அறிவிப்பு வந்தது. பகல் பூராவும் கம்பெனிக்கு உழைக்கிறோம், ராத்திரி பத்திலிருந்து இரண்டுவரை நமக்கென்று வேண்டியிருக்கிறது, இனிமேல் உறக்காயி இரண்டு மணிக்கு வந்து ஆறு மணிக்குக் கிளம்பட்டும், இதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

சாவிக்காரர்தான் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.

“ஆட்சேபம் என்னத்துக்குங்க? அவ வந்து என்ன பண்றா? நான் தட்டாட்டி ஊரு பட்டினி. முத்து தமுக்கடிக்காட்டி ஊரு எந்திரிக்காது. அவ வராட்டி என்ன ஆயிரும்? நாலு மணி நேரமே தாராளம்.”

எல்லாரும் சிரித்தார்கள். பசியாண்டி கைதட்டினான். உறக்காயி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குப்பியை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் இரண்டு வாரம் கொண்டாட்டமாகத்தான் போயிற்று. பதினைந்தாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்குச் சாவிக்காரர் தெருவில் வருகிறார், அவசரமுத்து நடுத்தெருவில் நின்று தமுக்கடித்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் சர்க்கரை கொட்டிக் கிடக்கிறது.

“ஏப்பா முத்து, பொழுது சாஞ்சா ஊட்டுக்குப் போயிருவியே, இன்னிக்கு என்ன கூத்து இது?”

“எப்படிங்க போறது? இந்நேரத்துக்கு ஊரே முழிச்சுட்டு இருக்குது. ஒரு ஊரு தூங்காம இருந்தா என்ன அர்த்தம்? ஏதோ ஆபத்துன்னுதானுங்களே அர்த்தம்! கண்ணு வழியா எட்டிப் பாருங்க. ஒரே அடிதடி, வண்டி மோதல், கத்திக்குத்து! நான் எப்படிங்க கம்முனு இருக்கறது?”

சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். கண்ணுக்கு எதிரே நீல வெளிச்சத்தில் அடிதடி ஓடிக்கொண்டிருந்தது. அது யாரோ எந்த ஊரிலோ போட்ட சண்டை, போனில் வருகிறது என்பது அவருக்கும் அப்போது புரியவில்லை. ஆபத்துத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கொட்டின சர்க்கரையை அள்ளப் போனார்.

அங்கே வயிற்று வாசலில் பசியாண்டி கண் மண் தெரியாமல் மணியடித்துக்கொண்டிருந்தான். ஒன்பது மணிக்குத்தானே சாப்பிட்டோம் என்று கேட்டால், “முழிச்சிருக்கிற வாய்க்குத் தீனி வேண்டாமா?” என்று இவரையே திருப்பிக் கேட்டான். களஞ்சியத்தின் மேல் ஏறி நின்று போதும்பொண்ணு கூவிக்கொண்டிருந்தாள். கூவினாளே தவிர, குரல் அடைத்துப்போய்க் காற்றுத்தான் வந்தது.

“அம்மிணி, சத்தமாச் சொல்லு. மேல கேக்கலியாட்டம் இருக்குது.”

“எத்தனை சத்தமாங்கண்ணா சொல்றது? ரெண்டு வாரமாத் தொண்டைக்கு ஓய்வே இல்ல. களஞ்சியம் நெறஞ்சு வழியுது, பெல்ட்டுல புதுசா ஒரு ஓட்டை போட்டாச்சு. நான் போதுங்கறேன், அங்க இன்னொரு பரோட்டாவுக்குச் சால்னா ஊத்தறாங்க!”

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சாவிக்காரருக்கும் மனசு சங்கடமாகப் போயிற்று.

ஆனால் நிஜமான அடி அவருக்குத் தொடைத் தெருவில்தான் விழுந்தது. ஊரிலேயே அதிகம் சர்க்கரை வாங்குகிற தெரு அது. முதல் வீட்டுக் கதவை வழக்கம்போல ஒரு தட்டுத் தட்டி, சாவியைத் திருப்பினார். திறக்கவில்லை. சரி, தூக்கக் கலக்கம் போலிருக்கிறது என்று இன்னொரு தட்டு. பிறந்ததிலிருந்து தட்டாத இரண்டாவது தட்டு! அதற்கும் திறக்கவில்லை. மூன்றாவது தட்டுக்குக் கதவு விரலளவு நகர்ந்து நின்றுகொண்டது. அந்தச் சந்தில் எத்தனை சர்க்கரையைத் திணிக்க முடியும்? வெட்கத்தில் அவர் அக்கம் பக்கம் பார்த்தார், யாரும் கவனிக்கவில்லை.

கவனிக்கத்தான் போகிறார்கள். மூன்று மாசத்தில் கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“சர்க்கரை பார்டர்ல நிக்குது. இப்படியே போனா அடுத்த தடவை மாத்திரைதான். வீட்ல யாருக்காவது இருக்கா?”

“அப்பாவுக்குங்க. ரெண்டு கால்விரல் எடுத்துட்டாங்க.”

“நீங்க எத்தனை மணி நேரம் தூங்குவீங்க?”

“எனக்கு நாலு மணி நேரம் தூங்குனா சரியாப் போயிருமுங்க. பழகிருச்சு.”

“உங்களுக்குப் பழகிருச்சு. உடம்புக்குப் பழகல,” என்றார் டாக்டரம்மா. “முதல்ல தூக்கத்தைச் சரி பண்ணுங்க.”

மருதாசலம் வீட்டுக்கு வந்து மனைவி கலாமணியிடம் சர்க்கரை பார்டரில் நிற்கிறது என்றதை மட்டும் சொன்னான். தூக்கத்தைப் பற்றிச் சொன்னதை விழுங்கிவிட்டான். அன்றிலிருந்து டீயில் சர்க்கரை நின்றது. சாயங்காலம் அரை மணி நேரம் நடந்தான். ராத்திரி பத்து மணிக்குப் போனை எடுத்தான்.

சீட்டில் வந்த செய்தி உள்ளே தெரிந்ததும் ஊரே கலங்கிப்போயிற்று. சாவிக்காரர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அப்பா ஊரில் நடந்தது இங்கேயும் நடக்கப் போகிறதா? தன் கண்ணெதிரே, தன் கையாலா? அவர் அவசரப்பட்டு ஒரு காரியம் செய்தார். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் தன் சாதிசனத்தை, கணையச் சந்தில் இருந்த அத்தனை சாவிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு தொடைத் தெருவுக்குப் போனார். நூறு பேர் சேர்ந்து கதவுகளைத் தட்டினார்கள். தெருவே அதிர்ந்தது. கதவுகள் கொஞ்சம் நகர்ந்தன, மறுநாள் இன்னும் இறுகிக்கொண்டன. அடுத்த நாள் இருநூறு பேரைக் கூட்டிவந்தார். இரைச்சல்தான் மிச்சம்.

ஒருநாள் அவர் முதல் வீட்டுக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்ற மேல உனக்கு என்ன கோவம்? நாப்பது வருசம் ஒரு தட்டுக்குத் தொறந்தியே!”

கதவு முனகியது.

“கோவமெல்லாம் இல்லீங்க. தொறக்கோணும்னுதான் நானும் பாக்கறேன். முடியலையே! கீலெல்லாம் காஞ்சு கெடக்குது. எண்ணெய் இல்லாம எப்படிங்க திரும்பறது? நீங்க பாட்டுக்கு ஆளுமேல ஆளாக் கூட்டியாந்து இடிக்கறீங்க. இடிச்சா வலிக்குதுங்க, வலிச்சா இன்னும் இறுகிக்கறேன்.”

“எண்ணெயா? கீலுக்கு யாரு எண்ணெய் போடுவா?”

“அட, அதுகூடத் தெரியாதுங்களா? அந்தக் குப்பிக்காரியம்மாதான். தெனமும் வீடு வீடாப் போட்டுட்டு வருவாங்க. இப்பத் தொடைத் தெருவுக்கு வர்றதுக்குள்ள விடிஞ்சு போகுது.”

சாவிக்காரர் நெற்றியைக் கதவிலிருந்து எடுத்தார். நாலு மணி நேரமே தாராளம் என்று தான் சொன்னது ஞாபகம் வந்தது. எல்லாரும் சிரித்ததும் ஞாபகம் வந்தது. எழுந்து நேராகக் கண் வாசலுக்கு நடந்தார்.

இமை திறந்திருந்தது. மற்ற வாசலெல்லாம் திறந்தால் வழி, கண் வாசல் மட்டும் மூடினால்தான் உறக்காயிக்கு வழி. நீல வெளிச்சத்துக்கு அப்பால், வெளியே, அவள் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

“உன்ன ரெண்டு மணிக்குத்தான வரச் சொன்னாங்க?”

“நான் எப்பவும் போலப் பத்து மணிக்கே வந்தர்றனுங்க. வழி விடறதுதான் ரெண்டு மணிக்கு.”

“நாலு மணி நேரமுமா இங்கயே உக்காந்திருக்கே?”

“வேலை கெடக்குதே, எங்கிங்க போறது? உள்ள வந்ததும் முத்துகிட்ட இருந்து தமுக்க வாங்கி வெக்கோணும். போதும்பொண்ணு தொண்டைக்குப் பத்துப் போடோணும். பசியாண்டியத் தட்டிக்குடுத்துத் தூங்க வெக்கோணும். அப்பறந்தான் கதவுங்க. லட்சம் கீலு இருக்குதுங்க. பாதிகூட முடிக்க முடியறதில்ல.”

சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “நீ எண்ணெய் போட்டு ஒருநாளும் நான் பாத்ததில்லையே உறக்காயி,” என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். “எப்படிங்க பாப்பீங்க? நான் வந்தா மொதல்ல கண்ண மூடறதே நீங்கதான்!”

“தப்புப் பண்ணிட்டேன். கதவு என்ற தட்டுக்குத்தான் தொறக்குதுன்னு நெனச்சுட்டேன். ஊர் முன்னால உன்னக் கேவலமாப் பேசிட்டேன். மன்னிச்சுரு.” அவர் குப்பியைப் பார்த்தார். “ஒரு நாள் மட்டும் முழிச்சிருந்து நீ வேலை செய்யறதப் பாக்கறேன். பாத்துட்டு ஊருக்கெல்லாம் நானே சொல்றேன்.”

“நீங்க முழிச்சிருந்தா கீலுக்குள்ள எண்ணெய் எறங்காதுங்க. நம்பித்தான் படுக்கோணும்.”

அந்த நேரத்தில் வெளியே கலாமணி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். புருஷன் கட்டிலில் சாய்ந்து, முகமெல்லாம் நீலமாகக் கிடப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் பரோட்டாப் பொட்டலம் பிரித்துக் கிடந்தது.

“ஏனுங்க, டாக்டரம்மா வேற என்ன சொன்னாங்க? மறைக்காமச் சொல்லுங்க.”

மருதாசலம் பரோட்டாப் பொட்டலத்தை மடித்தான். அப்புறம், “தூங்கச் சொன்னாங்க,” என்றான்.

“சக்கரைய விட்டீங்க, சரி. இதையும் விடோணுமல்ல?”

“நாள் பூராவும் கம்பெனிக்கு உழைக்கறன் கலா. எனக்குன்னு இருக்கறது இந்த நாலு மணி நேரந்தான். அதையும் புடுங்கிக்கறியா?”

“உங்களுக்குன்னு இருக்கட்டும், நான் வேண்டாங்கல. ஆனா அந்த நாலு மணி நேரத்துல நீங்க எங்கிங்க இருக்கீங்க? அதுல இருக்கறவங்கதான் இருக்காங்க. நேத்து அளவு தப்பி நாப்பது அடுக்குத் துணிய வெட்டிட்டு வந்து நின்னீங்களே, உங்க கைக்கு இப்படி ஆகி நான் பாத்ததே இல்ல. மாமாவோட கால நான்தாங்க தெனமும் கட்டுப் பிரிச்சுக் கழுவுனேன். இன்னொருக்கா என்னால முடியாது.”

மருதாசலம் அவளைப் பார்த்தான். போனை அணைத்து அவள் கையில் கொடுத்தான். அவள் அதைக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

விளக்கு அணைந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை. உள்ளே அவசரமுத்து இன்னும் தமுக்கடித்துக்கொண்டிருந்தானே! சாவிக்காரர் ஓட்டமாக ஓடி அவன் கையைப் பிடித்தார்.

“நிறுத்துப்பா. ஆபத்து ஒண்ணுமில்ல.”

“இல்லைன்னு எப்படிங்க சொல்றீங்க? இத்தன நாளா அந்த அடிதடி…”

“அது நம்மூருச் சண்டையே இல்ல முத்து! எங்கியோ எவனோ போட்டது, போன்ல வந்தது, அணைச்சதும் போயிருச்சு. எட்டிப் பாரு, இப்ப ஏதாவது தெரியுதா?”

முத்து எட்டிப் பார்த்தான். இருட்டாக இருந்தது. பக்கத்தில் கலாமணி மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் தமுக்கைக் கீழே வைத்தான். இத்தனை நாள் யாரோ ஒருத்தர் சண்டைக்காகத் தமுக்கடித்தோமே என்று அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கொட்டாவியும் வந்தது. கொட்டாவி ஒட்டிக்கொள்ளுமே! பசியாண்டி விட்டான், போதும்பொண்ணு விட்டாள், மேல்மாடி விட்டது. இமை மெல்ல இறங்கியது. இருட்டில் உறக்காயியின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

சாவிக்காரர் அரைக்கண்ணில் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். அப்புறம் வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

ஒரே ராத்திரியில் எல்லாம் நேராகிவிட்டது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பாதீர்கள். மூன்று மாசத் துரு அது. முதல் வாரம் மருதாசலத்தின் கை பீரோப் பக்கம் நீண்டு நீண்டு மடங்கியது. ஒரு சனிக்கிழமை சாவியைக் கேட்டுச் சண்டைகூடப் போட்டான், கலாமணி தரவில்லை. ஆனால் ஒவ்வொன்றாக நடந்தது. முத்து பொழுதோடு வீட்டுக்குப் போனான். பசியாண்டி நேரத்துக்கு மட்டும் மணியடித்தான். ஒருநாள் மூன்றாவது தோசையில் கை வைக்கும்போது போதும்பொண்ணு கூவினாள், மேல்மாடிக்குக் கேட்டுவிட்டது! மருதாசலம் தட்டைத் தள்ளிவைத்தான். கலாமணி அதிசயமாகப் பார்த்தாள். அடுத்த முகாமில் டாக்டரம்மா சீட்டைப் பார்த்து, “எறங்கியிருக்கு. இப்படியே விடாமப் பாத்துக்கங்க,” என்றார்.

அதற்கு மறுநாள் காலை, இட்லி சர்க்கரையாகித் தெருவில் இறங்கின நேரம், சாவிக்காரர் தனியாகத் தொடைத் தெருவுக்குப் போனார். முதல் வீட்டு வாசலில் நின்று ஒரு தட்டுத் தட்டினார். கதவு முனகாமல் விரியத் திறந்தது.

“வாங்க வாங்க,” என்றது கதவு. “பழைய கை திரும்ப வந்துருச்சாட்டம் இருக்குதே!”

“கை என்னுதுதான். மத்ததெல்லாம் அவளுது,” என்றார் சாவிக்காரர்.

சொல்லிவிட்டுச் சாவியை உருவியவர் கையில் ஏதோ வழுக்கியது. பார்த்தார். கதவின் கீலுக்கு மட்டுமில்லை, அவர் சாவிக்கும் யாரோ எண்ணெய் தடவியிருந்தார்கள். எந்த ராத்திரி தடவினாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தார், தெரியவில்லை.

எப்படித் தெரியும், அவர்தான் அப்போது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாரே.